டைட்டானியம் கத்திப் பிடியில் அந்த மங்கல் சாம்பல் நிறம் எப்படி வருகிறது?

டைட்டானியம் பிடி போட்ட மடக்குக் கத்திகளின் படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த நிறம் நினைவிருக்கும். பளபளப்பு துளியும் இல்லாத, கொஞ்சம் கருமை கலந்த சாம்பல். பெயின்ட் என்று நினைப்பவர்கள் உண்டு. ஏதோ கோட்டிங் என்று நினைப்பவர்கள் அதைவிட அதிகம். இரண்டும் கிடையாது. அந்தப் பிடியின்மேல் எதையும் பூசவில்லை. சிறு துகள்களைக் காற்றழுத்தத்தில் வீசி அடித்து, உலோகத்தின் மேற்பரப்பையே கண்ணுக்குத் தெரியாத அளவில் குழி குழியாக்கியிருக்கிறார்கள். இதற்குப் பட்டறைகளில் பொதுவாக பிளாஸ்டிங் என்று பெயர்.

தேய்ந்து வழவழப்பாகிப்போன அம்மியைக் கொத்தி வாங்குவோமே, கிட்டத்தட்ட அதே வேலைதான். உளிக்குப் பதிலாக இங்கே காற்றில் பறக்கும் துகள். கொத்திய அம்மி போலவே இந்தப் பிடியும் புழங்கப் புழங்க வழவழப்பாகும். மறுபடி கொத்திக்கொள்ளலாம். பூச்சு இல்லை என்பதால் உரிந்து வராது, செதில் செதிலாகப் பெயராது. எந்தத் துகள், எவ்வளவு பெரியது, எந்த வேகத்தில், எந்தக் கோணத்தில் விழுந்தது என்ற நான்கும் சேர்ந்துதான் நிறம், பிடிமானம், கறை படிவது, கீறல் தெரிவது எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தானாகவே புரியும்.

கத்திக்குள் டைட்டானியம் வந்த கதை

கத்திப் பிடிகளில் அதிகம் வருவது கிரேடு 5 எனப்படும் கலவை. டைட்டானியத்தோடு 6 விழுக்காடு அலுமினியம், 4 விழுக்காடு வனேடியம். 1950களில் அமெரிக்காவில் உருவாகி, விமானத் துறையில் பெயர் வாங்கியது. ஒரு கன சென்டிமீட்டர் எஃகு 8 கிராமை ஒட்டி எடை இருந்தால், இது 4.43 கிராம்தான். துருப்பிடிக்காது. வியர்வை, உப்புத்தண்ணீர் எதுவும் இதை ஒன்றும் செய்யாது.

1980களில் அமெரிக்கக் கத்திக் கலைஞர் மைக்கேல் வாக்கர் லைனர் லாக் என்ற பூட்டமைப்பைச் செம்மைப்படுத்திப் பிரபலமாக்கினார். பிடிக்குள்ளே இருக்கும் மெல்லிய தகடு ஒன்று பக்கவாட்டில் வளைந்து வந்து, விரித்த அலகு மடங்காமல் தடுக்கும். அந்தத் தகட்டுக்கு டைட்டானியம் நன்றாகப் பொருந்தியது. எஃகைவிட அதிகம் வளைந்துகொடுத்துவிட்டுப் பழைய நிலைக்கே திரும்பும். தென்னாப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்திலுள்ள பாய்ஸி நகரத்துக்குக் குடிபோன கத்திக் கலைஞர் கிறிஸ் ரீவ் இதை இன்னும் எளிமையாக்கினார். உள்ளே தனித் தகடு எதற்கு, பிடியின் ஒரு பக்கப் பலகையையே அறுத்து ஸ்பிரிங் ஆக்கிவிடலாமே என்று. 1990களின் தொடக்கத்தில் வந்த அவருடைய செபென்ஸா கத்தி அப்படிப்பட்டது. இந்த அமைப்பைப் பொதுவாக ஃப்ரேம் லாக் என்பார்கள். அலங்காரமில்லாத செபென்ஸாவின் பிடி பிளாஸ்டிங் செய்த வெறும் டைட்டானியம். இன்று சந்தையில் நாம் பார்க்கும் பல கத்திகளின் மங்கல் சாம்பல் தோற்றத்துக்கு அந்தக் கத்திக்குப் பெரிய பங்கு உண்டு.

கருமை எங்கிருந்து வருகிறது?

பாலிஷ் செய்த டைட்டானியம் வெள்ளியாகத்தான் தெரியும், எவர்சில்வரைவிட லேசாக மங்கலாக. பிளாஸ்டிங் ஆனதும் அதே உலோகம் சாம்பலாகிறது. உள்ளே வேறு எதுவும் சேரவில்லை என்றால் இந்தக் கருமை எப்படி?

கணக்கு எளிது. வழவழப்பான பரப்பில் விழும் ஒளி ஒரே முறை மோதி, ஒரே திசையில் திரும்பிவிடும். அதைத்தான் பளபளப்பு என்கிறோம். குழிகள் நிறைந்த பரப்பில் ஒளி ஒரு சுவரில் மோதி, எதிர்ச்சுவரில் மோதி, அப்புறம்தான் வெளியே வரும். அலுமினியமும் வெள்ளியும் ஒளியைப் பெரும்பகுதி திருப்பி அனுப்பும் உலோகங்கள், இரண்டு மூன்று முறை மோதினாலும் வெளிச்சம் அதிகம் குறையாது. அதனால்தான் பிளாஸ்டிங் செய்த அலுமினியம் வெளுப்பாகவே தெரிகிறது. டைட்டானியம் அப்படியில்லை. ஒவ்வொரு மோதலிலும் பாதியை ஒட்டி விழுங்கிவிடும். ஒரு மோதலில் பாதி, இரண்டாவதில் கால், மூன்றாவதில் அரைக்கால். குழி ஆழமாக ஆக, நிறம் கருக்கும்.

ஆகவே, ‘டார்க் பிளாஸ்ட்’ என்று ஒரு கம்பெனி எழுதியிருந்தால் சாயம் எதுவும் போட்டிருக்க வேண்டிய அவசியமில்லை. கூர்மையான துகளால் ஆழமாக அடித்திருந்தாலே போதும்.

துகள்தான் எல்லாம்

துகள்களில் இரண்டு குடும்பங்கள் உண்டு. மூலை முடுக்கோடு, உடைந்த கல் போன்ற வடிவம் கொண்டவை ஒன்று. உருண்டையானவை இன்னொன்று. முதலாவது வெட்டும், இரண்டாவது அமுக்கும்.

வெட்டும் குடும்பத்தின் தலைவர் அலுமினியம் ஆக்ஸைடு. எமரித் தாளிலும் சாணைச் சக்கரத்திலும் இருப்பதும் இதே பொருள்தான். மோஸ் கடினத்தன்மை அளவில் 9, வைரத்துக்கு அடுத்த வரிசை. இதன் ஒவ்வொரு துகளும் டைட்டானியத்தில் விழும்போது ஒரு சிறு பள்ளம் தோண்டி, ஓரத்தில் ஒரு சிறு வரப்பைத் தூக்கிவிடும். விளைவு: கருஞ்சாம்பல், துளிகூட மினுக்கம் இல்லாத பரப்பு, விரலில் சுண்ணாம்புக்கட்டியைத் தொட்டதுபோல வறட்டு உணர்வு. கையில் வழுக்காது. நகத்தால் கீறினால் நகம்தான் தேயும்.

துகளின் அளவை எண்ணால் சொல்வார்கள், எண் கூடக்கூடத் துகள் சிறியது. 60 என்றால் கிட்டத்தட்ட கால் மில்லிமீட்டர். 120 என்றால் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை ஒட்டி. 220 என்றால் தலைமுடித் தடிமன் அளவு. கத்திப் பிடிக்கு 60 ரொம்ப முரடு, ஜீன்ஸ் பை ஓரத்தை அராவியே கிழித்துவிடும். 120-ல் தொடங்குவது நல்லது. 220 போனால் நிறம் இன்னும் சீராக இருக்கும், பட்டுப்போல் இருக்காது என்றாலும் உறுத்தாது.

அமுக்கும் குடும்பத்தில் முக்கியமானது கண்ணாடி மணி. கோலியின் வடிவம், மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் அளவு. இது உலோகத்தைத் தோண்டாது, தட்டித் தட்டிக் கிண்ணம் போன்ற ஆழமில்லாத பள்ளங்களை உண்டாக்கும். பள்ளம் ஆழமில்லை என்பதால் ஒளி பெரும்பாலும் ஒரே மோதலில் வெளியேறிவிடும். அதனால் நிறம் வெளிர்சாம்பல், மெல்லிய வெள்ளி மினுக்கம். கைக்கு வழவழப்பு. அழுக்கும் எண்ணெயும் உட்கார இடம் குறைவு. என்னைக் கேட்டால், அன்றாடம் பையில் போடும் கத்திக்குக் கண்ணாடி மணிதான் பொருத்தம். அலுமினியம் ஆக்ஸைடு அடித்த பிடி புதிதாக இருக்கும்போது அழகு, ஆனால் அந்த அழகு அலமாரிக்குத்தான் லாயக்கு.

பலர் இரண்டையும் அடுத்தடுத்துச் செய்வார்கள். முதலில் அலுமினியம் ஆக்ஸைடால் சீராக வெட்டி, பிறகு கண்ணாடி மணியால் அந்த வரப்புகளின் கூர்முனைகளை மழுங்கடிப்பது. இரண்டுக்கும் நடுவில் ஒரு தோற்றம் கிடைக்கும், அனுபவமுள்ள கை என்றால் மிக நன்றாக வரும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சிலிகான் கார்பைடு இன்னும் கடினம், வேகமாக வெட்டும், விலை அதிகம், இந்த வேலைக்குத் தேவையில்லை. பீங்கான் மணி கண்ணாடி மணி போலவே, எளிதில் உடையாது. வால்நட் ஓட்டுத் தூளும் சமையல் சோடாவும் அழுக்கெடுக்கத்தான், டைட்டானியத்தில் தடம் பதிக்க அவற்றால் முடியாது. எஃகுக் குண்டுகளைக் கிட்டவே சேர்க்கக் கூடாது. எஃகின் பொடி டைட்டானியத்துக்குள் பதிந்து, பிற்பாடு ஈரம் பட்டதும் செம்புள்ளிகளாகத் துருப்பிடிக்கும். ‘டைட்டானியம் துருப்பிடிக்குமா?’ என்று யாராவது படத்தோடு கேட்டால், காரணம் பெரும்பாலும் இதுதான். இரும்பு வேலை செய்த அதே பெட்டியில், அதே பழைய துகளில் பிடியையும் அடித்திருப்பார்கள்.

கார்னெட் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. செந்நிறக் கனிமம், மோஸ் அளவில் 7-ஐத் தாண்டும், பிளாஸ்டிங்குக்கும் நீர்த்தாரையால் உலோகம் வெட்டுவதற்கும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரிக் கடற்கரை மணலில் இது நிறையக் கிடக்கிறது. அதே மணலில் இல்மனைட்டும் இருக்கிறது. டைட்டானியத்தின் தாது அது. மணவாளக்குறிச்சியில் இந்திய அரசின் ஐஆர்இஎல் ஆலை இந்தக் கனிமங்களைப் பிரித்தெடுக்கிறது. ஆக, அடிபடும் உலோகத்தின் தாதுவும் அடிக்கும் துகளும் ஒரே கரையில் கலந்து கிடக்கின்றன. அந்த மணலைத் தனியார் அள்ளியது பெரிய பிரச்சினையாகி, 2013-ல் தமிழ்நாடு அரசு தடை போட்டது தனிக் கதை.

மணல் மட்டும் வேண்டாம்

இந்தத் தொழிலின் தொடக்கம் மணல்தான். 1870-ல் அமெரிக்காவின் பெஞ்சமின் டில்மன் காப்புரிமை வாங்கியபோது மணலை வீசிக் கண்ணாடியையும் கல்லையும் செதுக்குவதுதான் திட்டம். நம் ஊர்க் கண்ணாடிக் கடைகளில் பூஜையறைக் கதவுக்குப் பிள்ளையாரும் லட்சுமியும் வரைவது அதன் நேர் வாரிசு.

ஆனால் மணல் என்பது படிகச் சிலிக்கா. வேகத்தில் மோதி உடையும்போது அது கண்ணுக்குத் தெரியாத தூளாகி நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிடும். அதனால் வரும் நுரையீரல் நோய்தான் சிலிகோசிஸ், வந்தால் குணப்படுத்த மருந்து கிடையாது. பிரிட்டன் 1949-லேயே வார்ப்படப் பொருள்களைச் சுத்தம் செய்ய மணலைப் பயன்படுத்தக் கூடாது என்று விதி கொண்டுவந்துவிட்டது. ஆற்று மணலைச் சலித்துப் பயன்படுத்தலாமே என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்க வேண்டாம். கண்ணாடி மணியில் படிகச் சிலிக்கா இல்லை, அலுமினியம் ஆக்ஸைடிலும் இல்லை. இருந்தாலும் முகமூடி இல்லாமல், மூடிய பெட்டி இல்லாமல் எதையும் வீசக் கூடாது.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது

கருவி பெரிய சமாச்சாரம் இல்லை. கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு பெட்டி, அதில் கை நுழைக்க இரண்டு ரப்பர் உறைகள், உள்ளே ஒரு துப்பாக்கி, அதன் முனையில் நாஸில், வெளியே கம்ப்ரஸர். காற்று பாயும் வேகத்தில் கீழேயுள்ள துகளை உறிஞ்சி மேலே இழுத்து வீசும். இன்னொரு வகையில் துகள் இருக்கும் கலனுக்கே அழுத்தம் கொடுப்பார்கள், அது இன்னும் வலுவானது. கத்திப் பிடிக்கு முதல் வகையே போதும்.

கம்ப்ரஸர் மட்டும் சின்னதாக இருந்தால் வேலைக்காகாது. டயருக்குக் காற்றடிக்கும் குட்டிக் கம்ப்ரஸரில் இதைத் தொடங்கினால் பத்து விநாடி பாயும், பிறகு மூச்சு வாங்கும். அழுத்தம் ஏறி இறங்கினால் பிடியில் ஒரு பக்கம் கருப்பு, ஒரு பக்கம் வெளுப்பு என்று திட்டுத்திட்டாகத் தெரியும். அப்புறம் ஈரம். சென்னை போன்ற கடலோர ஊர்களில் கம்ப்ரஸர் தொட்டியில் தண்ணீர் கட்டிக்கொண்டே இருக்கும். அது காற்றோடு வந்தால் துகள் கட்டி கட்டியாகி நாஸிலை அடைக்கும். நடுவில் ஈரம் பிரிக்கும் வடிகட்டி கட்டாயம்.

கண்ணாடி மணிக்கு 40 முதல் 60 பிஎஸ்ஐ அழுத்தம் தாராளம். அதற்கு மேல் போனால் மணிகள் உடைய ஆரம்பிக்கும். உடைந்த கண்ணாடி உருண்டை இல்லை, சில்லு. அது வெட்டும் குடும்பத்தில் சேர்ந்துவிடும். போன மாதம் மினுக்கமாக வந்த பிடி இந்த மாதம் ஏன் மங்கலாக வருகிறது என்று தலையைச் சொறிகிறவர்கள் பெட்டியின் அடியிலிருந்து ஒரு சிட்டிகைத் துகளை எடுத்து உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். பாதிக்கு மேல் சில்லாக இருந்தால் மாற்ற வேண்டியதுதான்.

கோணம் பலரும் கவனிக்காத விஷயம். டைட்டானியம் போல வளைந்துகொடுக்கும் உலோகத்தில் கூர்மையான துகள் செங்குத்தாக விழும்போது அதிகம் வெட்டாது. 20 முதல் 30 பாகைச் சாய்வில் விழும்போதுதான் உழவு போல வாரி எடுக்கும். செங்குத்தாக அடித்தால் வெட்டுவதற்குப் பதில் துகளின் முனை உடைந்து உலோகத்துக்குள் பதிந்துகொள்ளும். ஒரேயடியாகச் சாய்த்தால் பரப்பில் ஒரு திசையில் கோடு போட்டது போலத் தடம் விழும். எனவே நடுவாக, 45-லிருந்து 60 பாகைக்குள், ஒரு சாண் தள்ளிப் பிடித்து, கையை நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். பெயின்ட் ஸ்ப்ரே செய்பவர்களுக்கு இந்தக் கைப்பழக்கம் உடனே வந்துவிடும். ஒரு முறை இடவலமாக, ஒரு முறை மேலும் கீழுமாக, பிடியைத் திருப்பி இன்னொரு முறை.

அலுமினியம் ஆக்ஸைடு அடிக்கும்போது பெட்டிக்குள் வெள்ளை வெளேரென்று பொறி பறக்கும். புதியவர்கள் பயந்துவிடுவார்கள். டைட்டானியத்தின் பொடி காற்றில் எரிகிறது, அவ்வளவுதான். ஆனால் ‘அவ்வளவுதான்’ என்று விட்டுவிடவும் முடியாது. டைட்டானியத் தூள் பற்றி எரியக்கூடியது. தூசி உறிஞ்சும் பையில் இது குவிந்து கிடக்கும்போது பொறி விழுந்தால் தீ. அந்தத் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, நிலைமை மோசமாகும். கரியமில வாயு அணைப்பானும் உதவாது. உலோகத் தீக்கென்றே இருக்கும் உலர்தூள்தான் வேண்டும், அல்லது காய்ந்த மணலைக் கொட்டி மூட வேண்டும். வீசுவதற்கு ஆகாத மணல் இங்கே உயிர்காக்கும். இரும்புத் தூசியையும் டைட்டானியத் தூசியையும் ஒரே பையில் சேரவிடக் கூடாது. வேலை முடிந்ததும் பையைக் காலிசெய்வது நல்ல பழக்கம்.

எதை மறைக்க வேண்டும்

கத்தியை அப்படியே பெட்டிக்குள் போடக் கூடாது. முழுக்கக் கழற்ற வேண்டும். அலகு, வாஷர் அல்லது பேரிங், ஸ்குரூ, கிளிப் எல்லாம் வெளியே. பிடியில் மட்டும் சில இடங்களை மூட வேண்டியிருக்கும்.

முதலாவது, பூட்டுப் பட்டையின் நுனி. அலகின் அடிப்பாகத்தை உரசித் தாங்கும் அந்த முகம் மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு துல்லியத்தில் அராவப்பட்டது. அங்கே குழி விழுந்தால் பூட்டு இறுகும், ஒட்டும், சிலசமயம் ஆட ஆரம்பிக்கும். டைட்டானியம் வேறு உலோகத்தோடு உரசும்போது இயல்பாகவே இழுத்துப் பிடித்துக்கொள்ளும் குணமுள்ளது, சொரசொரப்பாக்கினால் கேட்கவே வேண்டாம். இரண்டாவது, அலகு சுழலும் அச்சுத் துளையும் அதைச் சுற்றி வாஷர் உட்காரும் வட்டமும். மூன்றாவது, பூட்டுப் பட்டையில் பதித்த சின்னக் குண்டு. மடக்கிய அலகு தானாகத் திறக்காமல் பிடித்துக்கொள்வது அதுதான். பிடியின் உட்புறம் முழுவதையும் அடிக்காமலே விடுபவர்கள் உண்டு. வெளியே தெரியாத இடத்துக்கு எதற்கு வேலை?

மறைக்க எது நல்லது? நம்மில் பலர் கெட்டியான ஏதாவது ஒன்றால் மூடவேண்டும் என்று நினைப்போம். நேர்மாறு. தகரத்தை வைத்து மூடினால் துகள் அதைத் தின்றுவிடும். ரப்பர், வினைல் ஸ்டிக்கர் போன்ற மெத்தென்றவை தாங்கும். துகள் அவற்றில் மோதி, எகிறித் திரும்பிவிடும், வேகம் உள்ளே இறங்காது. கண்ணாடிக் கடையில் வினைல் ஸ்டிக்கரை வெட்டி ஒட்டிவிட்டு அடிப்பதும் இதனால்தான். கண்ணாடி அரிக்கும், ஸ்டிக்கர் அப்படியே நிற்கும். துளைகளுக்கு ரப்பர் முளை, பரப்புக்குக் கெட்டியான வினைல். சாதாரண மாஸ்கிங் டேப் அலுமினியம் ஆக்ஸைடின் முன்னால் சில விநாடிகூட நிற்காது.

இன்னொன்று: பிளாஸ்டிங் கீறலை மறைக்கும் என்பது பாதி உண்மை. எமரித் தாளின் மெல்லிய கோடுகளை மறைக்கும். மில்லிங் இயந்திரம் விட்ட ஆழமான தடத்தை மறைக்காது, உள்ளும் புறமும் ஒரே நிறமாகிவிடுவதால் சாய்ந்த வெளிச்சத்தில் அது இன்னும் தெளிவாகத் தெரியும். முதலில் 320 அல்லது 400 எண் தாளில் தேய்த்துச் சமப்படுத்தி, பிறகுதான் பெட்டி.

மெல்லிய தகடு வளையும்

கண்ணாடி மணி ஒவ்வொன்றும் பரப்பைத் தட்டும்போது அந்த மேல்தோல் நாலாபக்கமும் கொஞ்சம் விரிய முயல்கிறது. கீழேயுள்ள உலோகம் விடாது. ஒரு பக்கம் மட்டும் அடித்தால், அடித்த பக்கம் புடைத்து, தகடு வில்லாக வளையும். ஜெனரல் மோட்டார்ஸில் இருந்த ஜே. ஓ. அல்மன் இதையே அளவுகோலாக்கினார். 76 மில்லிமீட்டர் நீளமும் 19 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட எஃகுப் பட்டையின் ஒரு பக்கத்தை அடித்து, எவ்வளவு வளைகிறது என்று பார்த்தால் வீச்சின் வலு தெரிந்துவிடும். விமான உதிரிபாகத் தொழிற்சாலைகளில் அல்மன் பட்டை இன்றும் அன்றாடப் புழக்கம்.

மூன்று நான்கு மில்லிமீட்டர் கனமுள்ள பிடிப் பலகை இதற்கெல்லாம் அசையாது. ஆனால் ஃப்ரேம் லாக்கில் பட்டை வளைவதற்காக ஓரிடத்தில் ஒரு மில்லிமீட்டர் சொச்சத்துக்குக் குடைந்திருப்பார்கள். லைனர் லாக் தகடும் அதே கனம்தான். அங்கே ஒரே பக்கம் நெடுநேரம் அடித்தால் பூட்டின் இழுவிசை மாறிவிடக்கூடும். அந்தப் பகுதியில் குறைந்த அழுத்தம், இரு பக்கமும் சம அளவு, அல்லது அடிக்காமலே விடுவது.

பைக்குள் போன பிறகு

புதிதாகப் பிளாஸ்டிங் செய்த பிடியைச் சாவிக்கொத்தோடு பையில் போட்டால் மறுநாளே வெள்ளிக் கோடுகள் ஓடியிருக்கும். ஆங்கிலத்தில் இதை ‘ஸ்னெயில் டிரெயில்’, அதாவது நத்தை ஊர்ந்த தடம், என்று திட்டுவார்கள். பணம் கொடுத்து வாங்கியவருக்கு வயிறெரியும்.

உண்மையில் அவற்றில் பல, கீறல்களே இல்லை. சாவி பித்தளை, நாணயம் மெல்லிய எஃகு, இரண்டும் கிரேடு 5 டைட்டானியத்தைவிட மென்மை. சொரசொரப்பான பிடி ஒரு நுண்ணிய அரம். அதுதான் சாவியிலிருந்து உலோகத்தை அராவி எடுத்துத் தன்மேல் பூசிக்கொள்கிறது. பென்சில் ரப்பரால் அழுத்தித் தேய்த்தால் அவை பெரும்பாலும் போய்விடுவது அதனால்தான். போகாதவை வேறு ரகம்: வரப்புகளின் முனை மழுங்கி மினுக்கம் தட்டிய இடங்கள். கான்கிரீட் தரையில் விழுந்த அடி, எஃகுக் கருவி உரசிய தடம் எல்லாம் அதில் சேரும். அவற்றை அழிக்க முடியாது. ஆனால் மாதக்கணக்கில் புழங்கும்போது பிடி முழுவதுமே அதே மினுக்கத்துக்கு வந்துவிடும், தனித்தனிக் கோடுகள் கரைந்துபோகும். அந்தப் பழகிய தோற்றத்துக்காகவே கத்தி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்குக் குறுக்குவழி உண்டு, ஸ்டோன்வாஷ். பிளாஸ்டிங் செய்த பிடியைப் பீங்கான் கற்களோடு ஒரு டிரம்மில் போட்டுக் குலுக்குவார்கள். கற்கள் எல்லாத் திசையிலும் உரசி, வரப்புகளின் முனையை முன்கூட்டியே மழுக்கிவிடும். பள்ளங்கள் கருமையாகவே இருக்கும், மேடுகள் மினுங்கும். இதன்மேல் விழும் புதுக் கோடு கூட்டத்தோடு கூட்டமாகிவிடும். நிறைய நிறுவனங்கள் பிளாஸ்டிங்கோடு நிறுத்தாமல் அடுத்து ஸ்டோன்வாஷும் செய்து விற்பதற்கு இதுதான் காரணம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பிளாஸ்டிங் செய்த கத்தி சீக்கிரம் துருப்பிடிக்கும் என்று சொல்வது அலகைப் பற்றி. எஃகு அலகில் குழிகள் விழுந்தால் ஈரம் தங்க இடம் கூடும், எலுமிச்சைச் சாறு பட்டால் புள்ளி விழும். டைட்டானியப் பிடிக்கு அந்தக் கவலை இல்லை. குழி விழுந்த கணமே காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டு ஒரு மெல்லிய ஆக்ஸைடு படலம் மூடிக்கொள்ளும். பல் மருத்துவர்கள் தாடையில் பொருத்தும் டைட்டானிய வேர்களைக்கூட அலுமினியம் ஆக்ஸைடால் அடித்து, பிறகு அமிலத்தில் அரித்துத்தான் பொருத்துகிறார்கள், எலும்பு நன்றாகப் பற்றிக்கொள்ளட்டும் என்று. உடம்புக்குள்ளேயே தாங்குகிற பரப்பு வியர்வைக்கு அஞ்சாது.

அதே ஆக்ஸைடு படலத்தை மின்சாரத்தால் தடிமனாக்கினால் நிறம் வரும், அனோடைசிங். 30 வோல்ட்டை ஒட்டி நீலம், 55-ஐ ஒட்டிப் பொன்மஞ்சள். பாலிஷ் செய்த பரப்பில் அந்த நீலம் கண்ணைப் பறிக்கும். கண்ணாடி மணி அடித்ததில் அடக்கமான, மங்கிய நீலம். அலுமினியம் ஆக்ஸைடில் அடித்ததன்மேல் நிறம் இருப்பதே சந்தேகமாகத் தெரியும். ஏற்கெனவே நிறமேற்றிய பிடியைப் பெட்டிக்குள் காட்டினால் நிறம் கண்ணிமைக்கும் நேரத்தில் போய்விடும். ஆகவே முதலில் பிளாஸ்டிங், பிறகு நிறம்.

வெளியே கொடுத்துச் செய்வதானால்

ஒரே ஒரு கத்திக்காகப் பெட்டியும் கம்ப்ரஸரும் வாங்குவது வீண். பிளாஸ்டிங் செய்கிற பட்டறையில் கொடுத்துவிடலாம், ஆனால் கேட்டுவிட்டுக் கொடுக்க வேண்டும். என்ன துகள் போட்டிருக்கிறீர்கள், என்ன அளவு, இதே பெட்டியில் இரும்பு வேலை செய்கிறீர்களா? மூன்றாவது கேள்விக்கு ஆமாம் என்றால், புதுத் துகள் போட்டுப் பெட்டியைத் துடைத்துவிட்டுச் செய்வார்களா என்று பார்க்கலாம், இல்லையென்றால் வேறு இடம். பல் செட் செய்யும் லேப்களில் 50, 110 மைக்ரான் அலுமினியம் ஆக்ஸைடு வீசும் குட்டிப் பெட்டி இருக்கும். நாஸில் பேனா முனை அளவுதான், முழுப் பிடிக்கு நேரம் பிடிக்கும், ஆனால் சின்ன வேலைக்குச் சுத்தமாக வரும். கழற்றுவதையும் மறைப்பதையும் நீங்களே செய்து கொண்டுபோவது உத்தமம். பூட்டின் முகம் எது, வெறும் ஓரம் எது என்று பட்டறைக்காரருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

திரும்ப வாங்கியதும் வெறும் கையால் எடுக்க வேண்டாம், புதுப்பரப்பில் விரல் எண்ணெய் கரும்புள்ளியாகப் பதியும். பாத்திரம் தேய்க்கும் சோப்பும் பழைய டூத் பிரஷ்ஷும் போட்டுத் துளைகளையெல்லாம் தேய்த்துக் கழுவி, உலர்ந்ததும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் ஒரு முறை துடைக்கலாம். பேரிங் குழியில் ஒரே ஒரு கண்ணாடி மணி மாட்டியிருந்தாலும் அலகைத் திறக்கும்போது நறநறவென்று கேட்கும். நிறம் சீராக இல்லாதது போலத் தோன்றினால் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெயைத் துணியில் விட்டு முழுக்கத் துடைத்துவிட்டால் சரியாகிவிடும். ஒரு சுற்று கருத்துத் தெரியும், அதன்பின் விரல் பட்ட இடமும் படாத இடமும் ஒன்றுதான்.